அத்தையின் மூன்று விரல்

பல் பிடுங்கத் தென்னூருக்குப் போயிருந்தேன். நாற்காலியில் சாய்ந்ததும் அந்த இளவயது டாக்டர், "ஐயா, மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள விடுங்க பார்க்கலாம்" என்றார். விட்டேன். போயிற்று.

"நல்லதுங்க. பாக்குப் போடுறவங்களுக்கு நாளாக நாளாக இது போகாது. உள்சதை இறுகிடும்."

பிடுங்கியது போக மீதி பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தவன், எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

அத்தை, அப்பாவின் தங்கை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். பெரும்பாலும் இரவு டியூட்டி. தூக்கம் வராமலிருக்க வாசனைப் பாக்கு. பொட்டலத்தை வாயில் கொட்டிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். காலையில் திருவானைக்காவல் வீட்டுக்குள் அவளுக்கு முன்னால் அந்த வாசனை நுழையும். இன்றும் பஸ்ஸில் பக்கத்தில் யாராவது அந்தப் பாக்கை மென்றால், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிடுகிறேன்.

சிரித்தால் அவள் வாய் முழுதாகத் திறக்கும். நான் உட்கார்ந்து பற்களை எண்ணுவேன். கடைவாய்ப் பல்வரை போய்விடலாம். "நேத்து எண்ணினது எல்லாம் இருக்காடா? ஒண்ணும் திருடு போகலையே?" என்று கேட்டு இன்னும் சிரிப்பாள். அப்படி ஒரு முறை எண்ணக் கிடைத்தால் போதும் என்று இந்த வயதில் தோன்றுகிறது.

பிள்ளையார் சதுர்த்திக்கு முழுக் கொழுக்கட்டையை ஒரே வாயில் போட்டு, உதட்டை மூடி, எங்களைப் பார்த்துக் கண்சிமிட்டுவாள். எதிர்வீட்டுப் பையன் இதை நம்பவில்லை. "உங்க அத்தை என்ன யானையா?" என்றான். வருகிற சதுர்த்திக்குக் காட்டுகிறேன் என்று என் பம்பரத்தைப் பந்தயம் வைத்தேன்.

அத்தையிடம் சொன்னேன். "பார்க்கலாம்டா" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் டியூட்டிக்குக் கிளம்பும்முன் கண்ணாடி முன் நின்று, விரல்களை அடுக்கி வாய்க்குள் விட்டுப் பார்ப்பாள். மூன்று போகாது. இரண்டுதான், அதுவும் சிரமப்பட்டு. எனக்காகப் பழகுகிறாள் என்று பூரித்துப்போனேன். வாய் எரிகிறது என்று குழம்பைத் தள்ளிவிட்டு மோர்சாதம் மட்டும் சாப்பிட்டதையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டேன்.

சதுர்த்தியன்று எதிர்வீட்டுப் பையன் வந்து நின்றான். அத்தை கொழுக்கட்டையை வாயருகே கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதை விண்டு, சிறுசிறு துண்டாக உள்ளே தள்ளினாள். பூரணம் விரலெல்லாம் வழிந்தது.

"யானை இல்லடா, எறும்பு!" என்று கத்திவிட்டு அவன் பம்பரத்தோடு ஓடினான்.

எனக்கு அழுகை பொங்கியது. "ஏன் அத்தை? தினம் பழகினீங்களே!"

"பழகினேனா?" விரலில் வழிந்த பூரணத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாண்டா, பழகினேன். போதலை. அடுத்த வருஷம் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுகைக்கு நடுவிலும் எண்ணினேன். முன்பற்களோடு நின்றுபோயிற்று. ஆபீஸுக்குப் போகிறவள் அல்லவா, அடக்கமாகச் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அன்று மாலையே, அடுத்த சதுர்த்திப் பந்தயத்துக்குப் புதுப் பம்பரம் கேட்டு அப்பாவை நச்சரிக்கத் தொடங்கினேன்.