இடுப்பளவு கேட்ட மூன்று மாதம்

சூட்கேஸ் விற்பவளுக்கு ஆள் போகிற ஊர் தெரிந்தால் போதும். மணி பெல்ற் விற்பவளுக்கு ஆளின் இடுப்பு தெரிய வேண்டும்.

கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முன்பின் தெரியாத ஒருவரிடம் அவருடைய காலளவையோ கழுத்தளவையோ கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நிற்கத் தெரிய வேண்டும். எனக்கு அது வரவே வராது. கல்லூரியில் இரண்டு வருடம் அலுவலக நிர்வாகம் படித்தேன். ஓர் அலுவலகமும் கூப்பிடவில்லை. நகரத்தின் மறுகோடியில், மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளை மூடிப் பிசின் ரேப் ஒட்டினேன். போக மூன்று பஸ், வர மூன்று பஸ். அந்த வேலைக்கு இரண்டாம் வருடம் நடக்கும்போதுதான், வோபர்னில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நஸீர் நானாவின் பயணச் சாமான் கடையில் இடம் கிடைத்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாட்டை விட்டு இங்கே வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் கொழும்புக்கும் திருச்சிக்கும் போய்வரத் தொடங்கியிருந்தார்கள். சட்டைக்கு உள்ளே இடுப்பில் கட்டி, பாஸ்போட்டையும் ரிக்கற்றையும் காசையும் வைத்துக்கொள்ளும் தட்டையான துணிப்பைதான் மணி பெல்ற். அது நன்றாக விற்றது. அதே வேகத்தில் திரும்பியும் வந்தது. பேருவளைக்காரரான நானா முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாப்பம் தங்கச்சி. சூட்கேஸ் தன்பாட்டுக்கு விக்கும். பெல்ற்தான் கரச்சல். நீங்க வித்ததில மூணு பெல்ற் திரும்பி வந்தா, வேற வேலை பாத்துக்கொள்ளுங்க."

கோற்றின் இடுப்பு

முதல் ஆள் ஒரு பெரிய மனிதர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தடித்த கோற், அதற்குள் ஸ்வெற்றர், அதற்குள் இன்னும் ஏதோ. "கோற்றைக் கழற்றுங்கோ" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தகப்பன் வயது மனிதரிடம் உடுப்பைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஸ்வெற்றருக்கு மேலாலேயே பெல்ற்றைச் சுற்றிப் பார்த்து, "சோக்காயிருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன்.

மூன்று கிழமை கழித்து அவருடைய மனைவி பெல்ற்றோடு வந்தார். கட்டுநாயக்கா ஏர்போட்டில் இறங்கி ஸ்வெற்றரைக் கழற்றினதும், பெல்ற் வழுகித் தொடைக்குப் போய், வரிசையில் நின்ற மனிதர் இரண்டு காலையும் ஒட்டிவைத்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பிள்ளை, நீர் அளந்ததில பிழையில்லை. ஆனா அது கோற்றின்ர இடுப்பு, இவரின்ர இடுப்பில்லை."

கலியாண நாள் அளவு

அதற்குப் பிறகு கோற்றைக் கழற்றச் சொல்லப் பழகினேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கையிலிருக்கும் அளவு நாடாவைப் பார்த்துச் சொல்வேன். அப்போதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. பெண்கள் இடுப்பளவைக் கேட்டால் சிரித்துவிட்டு, "நீரே அளந்து பாரும்" என்பார்கள். ஆண்கள் அளக்கவே விட மாட்டார்கள். உடனே ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் பெரும்பாலும் முப்பத்திரண்டு. எல்லா ஆண்களுக்கும் எப்படி ஒரே இடுப்பு இருக்கும் என்று எனக்குப் பல நாள் யோசனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து வழக்கம்போல "முப்பத்திரண்டு" என்றார். முப்பத்திரண்டுக்கு வைத்து நீட்டினேன். பெல்ற்றைப் பூட்டுகிற கொளுவி பொருந்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார், பொருந்தியது. மூச்சை விட்டார், கொளுவி பறந்துபோய் சூட்கேஸ் அடுக்கில் விழுந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. பின்னால் நின்ற மனைவி, குனிந்து கொளுவியைத் தேடியபடியே சொன்னார்: "தங்கச்சி, அது என்னைக் கட்டின அண்டைக்கு இருந்த இடுப்பு. பிறகு பதினெட்டு வருசம் நான் சமைச்சிருக்கிறன்."

வேட்டிக்கு மேலே

இரண்டாவதாகத் திரும்பி வந்த பெல்ற்றில் என் கைவேலை சுத்தமாக இருந்தது. அதுதான் கவலை.

சிவபாதம் அங்கிள் ஓய்வுபெற்ற ஆசிரியர். திருச்சியில் இருந்த மகளைப் பார்க்கப் போகிறார். அதற்குள் நான் பெல்ற்றைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பாஸ்போட் அளவுக்கு மட்டை வெட்டி, பெல்ற்றுக்குள் நிரப்பிக் கட்டச் சொல்வேன். வெறும் பெல்ற் எல்லோருக்கும் பொருந்தும். நிரப்பின பிறகுதான் அதன் குணம் தெரியும். இரண்டு விரல் உள்ளே போக வேண்டும், மூன்றாவது போகக் கூடாது. கொளுவி முதுகில் வந்தால் பிளேன் இருக்கையில் குத்தும். பக்கவாட்டில் வர வேண்டும். அங்கிள் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தார். வந்த ஆட்களுக்குள் அவருக்குத்தான் அச்சாவாகப் பொருந்தியது.

பங்குனியில் வந்து பெல்ற்றை மேசையில் வைத்தார். திருச்சியில் பிரச்சினை இல்லை. திருச்செந்தூருக்குப் போயிருக்கிறார். கோயிலுக்குள் ஆண்கள் சேர்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியிருக்கிறார். வேட்டிக்கு மேலே, வெறும் வயிற்றில், தோல் நிறத்தில் என் பெல்ற். கும்பிட வந்த சனம் முருகனை விட்டுவிட்டு அவருடைய வயிற்றைப் பார்த்திருக்கிறது. வேட்டிக்கு உள்ளே தொங்குகிற மாதிரி ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிழை திருத்துகிற குரலில் சொன்னார்: "பிள்ளை, விபூதி தந்த ஐயர் மெல்லக் குனிஞ்சு கேட்டார், ‘பெரியவர், எப்ப ஒப்பரேஷன் நடந்தது?’ எண்டு."

அவர் போனதும் நானாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். இது திருப்பித் தந்ததில்லை, மாற்றினதுதானே என்றேன். அவர் விலைச்சீட்டு ஒட்டுவதை நிறுத்தவே இல்லை. "போன பெல்ற் கடைக்குள்ள வந்திரிக்கா இல்லையா? வந்திரிக்கி. அப்ப ரெண்டு."

காட்டிக் கொடுக்கும் கை

இனி ஒன்றுதான் மிச்சம். அது வந்தால் மீண்டும் மிசிசாகா, மூன்று பஸ், ரேப். நானா தந்த மூன்று மாதத் தவணை முடிய இரண்டு கிழமை இருந்தது. பயத்தில் நான் ஆட்களை இன்னும் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். கூச்சமுள்ளவர்களுக்கு ஒரு வசதி: முகத்தைப் பார்க்க முடியாததால் கையைப் பார்ப்போம். பெல்ற் கட்டிய எல்லோருடைய கையும் கொஞ்ச நேரத்தில் அங்கே போய்த் தொட்டுவிட்டு வரும். இறுக்கமாக இருந்தால் தளர்த்தப் போகும். தளர்வாக இருந்தால் இருக்கிறதா என்று பார்க்கப் போகும். சரியாகப் பொருந்தினால் மட்டும் கை தன் வேலையைப் பார்க்கும்.

இங்கேயே வளர்ந்த ஒரு பெண் பிள்ளை ஐரோப்பா சுற்றப் போவதாக வந்தாள். "அக்கா, திஸ் ஒன் இஸ் ஃபைன், பொருந்துது, ஐ ஸ்வேர்" என்று அவசரப்பட்டாள். கடையை இரண்டு தரம் சுற்றி நடக்கச் சொன்னேன். பதினொரு தரம் தொட்டாள். எண்ணிக்கையைச் சொன்னதும் அவள் நம்பவில்லை. திரும்ப நடந்தாள், தானே எண்ணினாள். அரை அங்குலம் தளர்த்தினேன். சுற்றினாள். ஒரு தரமும் தொடவில்லை. நடுக்கடையில் நின்று தன் கையையே விசித்திரமாகப் பார்த்தாள். "ஓ மை காட் அக்கா, இவ்வளவு நேரமும் கள்ளனுக்கு நானே அட்ரஸ் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

கடைசிச் சனிக்கிழமை

தவணையின் கடைசி நாள் மோர்னிங்சைட்டிலிருந்து மலர் அன்ரி பஸ் ஏறி வந்தார். சீலை, அதற்கு மேல் கோற், காலில் பனிச் சப்பாத்து. கொழும்பில் தங்கைக்குக் கலியாணம். தாலிக்கொடியும் காப்பும் இவர்தான் கொண்டுபோகிறார். தங்கை இரண்டு தடவை நிச்சயம் பண்ணியும் கலியாணம் குழம்பிப்போனவள். இந்தக் கொடியாவது அவள் கழுத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார். நான் மட்டைக்குப் பதிலாக, கொடியின் பாரத்துக்குச் சரியாகச் சூட்கேஸ் பூட்டுகளை நிரப்பினேன்.

உள்பாவாடை நாடாவுக்கு மேலே கட்டினால் கொசுவத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கீழே கட்டினால் நாடா முடிச்சு பெல்ற்றில் அழுத்தி, பாரம் முழுவதும் ஒரு பக்கம் ஓடியது. பெரிய சூட்கேஸை பிளேன் இருக்கையாக வைத்து அதன்மேல் இருக்கச் சொன்னேன். எழும்பும்போது கொசுவமும் கூட எழும்பியது. கடையிலிருந்த ஐந்து வகையையும் கட்டிப் பார்த்தோம். ஐந்திலும் அவருடைய கை அங்கேயே ஒட்டிக்கொண்டது. அன்ரிக்கு அலுத்துவிட்டது. "எதையெண்டாலும் தாரும் பிள்ளை, கடைசி பஸ்ஸிலையோ நான் போறது?" என்றார். தலையைத் தூக்கினேன். அடுக்குக்குப் பின்னால் நானா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்றிருக்கலாம். அன்ரி திரும்பி வருவதற்குள் என் தவணை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கை கொழும்பு வீதியிலும் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியும். அளவு நாடாவைப் பார்க்காமல் முதல் தடவையாக முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அன்ரி, இதில ஒண்டும் உங்களுக்குச் சரிவராது. வாங்காதேங்கோ. உள்பாவாடையின்ர உள்பக்கம், நாடாவுக்குக் கீழ, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொக்கற் வைச்சுத் தையுங்கோ. கொடி ஒரு பக்கம், காப்பு மற்றப் பக்கம். பாரம் சரிக்குச் சரி நிக்கும்." அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்து, "நல்ல கடைதான். பெல்ற் வாங்க வந்தா தையல் வகுப்பெடுக்கினம்!" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போனவர் பஸ் தரிப்புக்குப் போகாமல் பக்கத்துத் துணிக்கடைக்குள் நுழைந்ததைக் கடைக் கண்ணாடியூடாகப் பார்த்தேன்.

நானா ஐந்து பெல்ற்றையும் ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் போட்டார். நான் கோற்றை எடுத்து மாட்டிக்கொண்டேன், வாங்க வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினவளிடம் என்ன சொல்லப் போகிறார் என்பது தெரிந்ததுதானே என்று.

"எங்க போறீங்க? ஆறு மணி ஆகல்லயே. இருபது வருசமா நானும் யோசிக்கிறன், பெல்ற் திரும்பி வராம இரிக்க என்ன செய்யலாமெண்டு. விக்காத பெல்ற் திரும்பி வராதெண்டு இண்டைக்குத்தான் தங்கச்சி எனக்கு விளங்கிச்சு. திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்து கடையைத் தொறங்க."

இப்படியாக, மணி பெல்ற் விற்கத் தெரியாது என்று மூன்று மாதம் பயந்துகொண்டிருந்த நான், ஒன்றுகூட விற்காத நாளில் கடையின் நிரந்தர விற்பனையாளராகிவிட்டேன்.