ஆகாசத்துக்கு மேட்சிங்

தேவானை ரவிக்கைத் துண்டு ஒன்றை உதறி, மானிட்டர் கண்ணாடியின் மேல் வைத்து உள்ளங்கையால் நீவுகிறாள். துண்டு கீழே விழுவதில்லை. கண்ணாடியில் இருக்கும் மின்சாரத்துக்குத் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பக்கத்தில், திரைக்குள்ளே, முகத்தில் பாதியைக் கண்களுக்கே கொடுத்துவிட்ட ஒரு ஜப்பானியப் பெண் நிற்கிறாள். தேவானை தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கிறாள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள். பிறகு அந்தப் பெண்ணிடமே, "ஒனக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சா வோணும்மே" என்கிறாள்.

தி. நகரில் பாத்திரக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கார்ட்டூன் கம்பெனி. ஜப்பானில் கோட்டுப் படமாக வரைந்து அனுப்புகிறார்கள். நாங்கள் அதற்குக் கணினியில் நிறம் ஏற்றித் திருப்பி அனுப்புகிறோம். வானம், மரம், ரயில் நிலையம் என்று பின்னணிகளைப் போஸ்டர் கலரில் காகிதத்தில் வரைவது என் வேலை. அதை ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றிவிடுவார்கள். அந்தப் பின்னணிக்கு முன்னால் வந்து நிற்கும் ஆட்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பவள் தேவானை. அவளுடைய ஆட்கள் என்னுடைய வானத்தின் முன்னால்தான் நின்றாக வேண்டும். எங்களுக்குள் நடந்த சண்டைகள் எல்லாம் இதில் ஆரம்பித்தவைதான்.

இதற்கு முன் அவள் பாண்டி பஜாரில் ஷரீஃப் பாயின் மேட்சிங் சென்டரில் இருந்தாள். புடவையை எடுத்துக்கொண்டு போனால் அதற்கு ஏற்ற ரவிக்கைத் துணி கிடைக்கும் கடை. எங்கள் முதலாளி கிரீஷின் மனைவி சாருலதா ஒரு பழைய பட்டுப் புடவையோடு பல கடை ஏறி இறங்கிக் கடைசியில் அங்கே போயிருக்கிறார். தேவானை புடவையின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த அடுக்கில் கையை விட்டு ஒரு துணியை உருவிப் போட்டாளாம். அச்சாக அதே நிறம். அந்தச் சமயத்தில் கிரீஷ் நிறம் தெரிந்த ஆளுக்காக அலைந்துகொண்டிருந்தார். ஓவியம் படித்த பையன் ஒருவனை வைத்துப் பார்த்ததில், அவன் கதாநாயகிக்குச் சோகம் என்றால் முகத்தையே ஊதாவாக்கினான். "நம்மாத்துக்கு ரவிக்கை எடுத்துக் கொடுத்தவளையே கூப்பிடுங்களேன்" என்றாராம் சாருலதா.

கடையில் இருந்த வருடமெல்லாம் தேவானை நின்றபடியே வேலை பார்த்தவள். அங்கே வாங்க வருபவருக்கு ஸ்டூல் உண்டு, விற்பவளுக்குக் கிடையாது. இங்கே முதல் நாள் கிரீஷ் சக்கரம் வைத்த சுழல் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோது, "இது யாருது சார்?" என்று கேட்டாள். அடுத்த வாரமே ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால் ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து அம்மா வேலம்மாவை அழைத்துவந்து, அதில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். வேலம்மாவுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. இறங்கும்போதே, "இந்த வேலை நெலைக்குமாடி?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜப்பான்காரர்களுக்கு நாங்கள் செய்துகொண்டிருந்தது மாதிரிப் படம் ஒன்றுதான். பிடித்தால் தொடர் முழுவதும் எங்களுக்கு வரும். பிடிக்காவிட்டால் கிரீஷ் கடையைச் சாத்திவிடுவார், தேவானை பழைய கவுன்ட்டருக்கே திரும்ப வேண்டும். "காலு ரெண்டும் பூசணிக்கா கணக்கா வீங்கிப்பூடும்ணா. திரும்பப் போய் நிக்கறதுக்கு என்னால ஆவாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அன்று அவள் குரலில் விளையாட்டு இல்லை.

கணினியில் நிறங்களுக்கு எண் உண்டு. சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று மூன்று எண்கள். "கலருக்கு இன்னாத்துக்குண்ணா போன் நம்பரு?" என்று கேட்டுவிட்டு, அவள் தன் இஷ்டத்துக்கு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். வெங்காயச் சருகு, அரக்கு, செங்காமட்டை, வாடாமல்லி. பெயர் அடிக்கும் கட்டத்தில் எட்டு ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். மற்றவை எப்படியோ குறுகி உட்கார்ந்துவிட, மயில்கழுத்து மட்டும், அவள் அதை mayilkaluthu என்று அடித்ததில், பாதியில் வெட்டுப்பட்டு 'மயில்கால்' என்று நின்றது. கதாநாயகியின் தலைமுடிக்கு அந்த நிறம். மயில்கால் என்றால் என்ன என்று டோக்கியோவிலிருந்து ஃபேக்ஸ் வந்து, கிரீஷ் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பதில் எழுதினார்.

தலைமுடி நீலமாக இருப்பதில் தேவானைக்கு ஆட்சேபமே கிடையாது. "பெருமாளே நீலமாத்தான் கீறாரு. முடி நீலமா இருந்தா இன்னா கொறஞ்சு பூடும்?" என்பாள். ஆனால் நிழல் விஷயத்தில் யாரையும் விடமாட்டாள். முகத்தில் நிழல் விழும் இடத்துக்குக் கருப்புக் கலந்தால் மங்கு விழுந்த முகமாகிவிடுமாம், செங்கல் சாயலில் இருக்கும் செங்காமட்டைதான் போட வேண்டுமாம். வெள்ளைச் சட்டை மடிப்புக்குச் சாம்பல் நிறம் போட்ட பக்கத்து மேஜைக்காரரை, "தொவைக்காத சட்டையா சார் அது? சொட்டு நீலம் போடு" என்று அதட்டினாள். கண்மணியில் இரண்டு வெள்ளைப் புள்ளி வைக்காமல் எந்தப் பெண்ணையும் வெளியே அனுப்பமாட்டாள். புள்ளி இல்லாவிட்டால் சாந்தோம் கரையில் மூன்றாம் நாள் கிடக்கும் மீன் ஞாபகம் வருகிறதாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவளைப் பெரிய மேதை என்று நினைத்துவிட வேண்டாம். முதன்முதலில் அவள் தனியாக முடித்த காட்சியைக் கிரீஷ் பெருமையோடு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். திரை நிறைய இளநீல வானம். அதன் நடுவே இரண்டு கண்களும் ஒரு வாயும் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தன.

"பொண்ணு எங்கம்மா?" என்றார் கிரீஷ்.

"தோ, அங்கதான் கீறா சார். நல்லாப் பாரு."

உண்மைதான், இருந்தாள். கவுன் இளநீலம், ரிப்பன் இளநீலம், காலுறை இளநீலம், குடையும் இளநீலம். தலைமுடி ஏற்கெனவே நீலம். முகத்தில்கூட லேசாக நீலம் ஏற்றியிருந்தாள்.

"எல்லாம் மேட்சிங்கா போட்டுக்கீறேன் சார். ஒரு இம்மி வித்தியாசம் சொல்லு பாப்போம்!"

"ஆகாசத்துக்குப் போய் யாராவது மேட்சிங் பார்ப்பாளா?" என்று கிரீஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் உடனே கோபித்துக்கொண்டாள். "அப்போ கான்ட்ராஸ்ட் பார்டருன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே சார்? நீ சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?" அதற்குப் பிறகு அவளுக்குப் பின்னணி என்பது புடவையின் உடல், ஆள் என்பது பார்டர். இந்தக் கணக்கு பிடிபட்டதும் தப்பு குறைந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

இன்னொரு நாள் கிரீஷ் இல்லாத நேரம் பார்த்து, வாட்ச்மேன் கதிரேசனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மானிட்டரைத் தூக்கிப் போய் மொட்டை மாடிக் கதவருகே வைத்தாள். கடையில் டியூப் லைட்டில் பார்த்து யாரும் துணி எடுக்கமாட்டார்கள், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டிவிட்டுத்தான் வெட்டுவார்கள். அந்தப் பழக்கம். ஒயரை இழுத்துச் சொருகி, மத்தியான வெயிலில் மானிட்டரைத் திருப்பினாள். திரையில் ஒரு மண்ணும் தெரியவில்லை. கையைக் குவித்து வைத்துப் பார்த்தாள், முந்தானையால் மறைத்துப் பார்த்தாள். பிறகு கதிரேசனிடம், "இன்னாண்ணா இது, வெயில் பட்டதும் சாயம் போயிடுச்சு?" என்றாள். கம்ப்யூட்டர்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் உண்மையாகவே நம்பினார்கள்.

எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது அந்தி வானத்தால். மாதிரிப் படத்தின் கடைசிக் காட்சி அது: கதாநாயகி ரயில் நிலையத்தில் மாலை நேரத்தில் தனியாக நிற்கிறாள். மாலை நேரத்துக்கு என்ன நிறங்கள் என்று ஜப்பானிலிருந்து சொல்லவில்லை, நீங்களே தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நான் உயிரைக் கொடுத்து ஒரு வானம் வரைந்தேன். அடுப்புக் கனல் போல இருந்தது. தேவானை அதைப் பார்த்துவிட்டு, "பஞ்சு மிட்டாய் வண்டி கவுந்துகினா மாதிரி கீது. எல்லாமே பளிச்சுனு கீதே, அப்பால எதுண்ணா பளிச்சு?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானிட்டரை வெயிலில் காயவைத்தவள் என் வானத்துக்கு மார்க் போடுகிறாளா? டீக்குக்கூட அவளோடு போவதை நிறுத்தினேன். அவள் பாட்டுக்கு வெங்காயச் சருகு நிறத்தில் சாதுவான வானம் ஒன்றைத் தயார் செய்து, பெண்ணுக்கு அரக்குச் சிவப்பில் சட்டை மாட்டிவிட்டாள். கிரீஷ் தன் பங்குக்கு ரோஜா நிறத்தில் ஒன்று செய்தார். முதலில் என்னுடையது, நடுவில் கிரீஷுடையது, கடைசியில் தேவானையுடையது என்று மூன்றும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, மூன்றிலும் அந்தப் பெண் அதே அரக்குச் சட்டையில் நின்றாள்.

டோக்கியோவிலிருந்து ஓகாவா என்ற அம்மாள் நேரில் வந்தார். கிரீஷ் ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் அவர் குனிந்து "ஹாய், ஹாய்" என்றார். ஜப்பானில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். தேவானை ஒவ்வொரு முறையும் விடாமல் "ஹாய் மேடம்" என்று பதில் மரியாதை செய்தாள். பிறகு ஓகாவா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று வானங்களையும் பார்க்க ஆரம்பித்தார். காப்பி ஆறி ஆடை கட்டியது. கிரீஷ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மாள் ஏதோ சொல்ல, கிரீஷ் எங்களுக்குச் சொன்னார்.

"முதல் வானம்தான் மனசுல நிக்கறதாம். ஆனா பொண்ணு அதுல எடுபடலையாம். மூணாவதுல பொண்ணு பளிச்னு தெரியறா, வானம் அழுது வடியறதாம். எதுன்னு சொல்லத் தெரியல, ஊருக்குப் போய் யோசிச்சுச் சொல்றேங்கறா."

முதல் வானம் என்னுடையது. அழுது வடிந்தது தேவானையுடையது. அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"எங்க கடையில இப்படி யோசிக்கறேன்னு போனவங்க திரும்பி வந்ததே இல்ல சார்" என்றாள் தேவானை, மெதுவாக.

நாற்காலியை முன்னே தள்ளி மவுஸைப் பிடித்தாள். என் வானத்தின் முன்னால் நின்ற பெண்ணின் அரக்குச் சட்டையை ஒரே சொடுக்கில் ராமர் பச்சையாக்கினாள். நெருப்பு வானத்துக்கு முன்னால் அந்தப் பெண் ஓர் அடி முன்னே நகர்ந்து வந்தது போல் இருந்தது. நானே எழுந்து பின்னால் போய் நின்று பார்த்தேன். ஓகாவா திரையருகே குனிந்தார், விரலால் அந்தச் சட்டையைத் தொட்டார், சிரித்தார். ஆனால் கண் மட்டும் மறுபடியும் மூன்றாவது படத்துக்கு ஓடியது.

தேவானை அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வெங்காயச் சருகு வானத்தின் மேல் மவுஸ் அம்பை வைத்து அழித்தாள். நிச்சயமா என்று கணினி கேட்டது, ஆமாம் என்றாள். கிரீஷ் "ஐயோ, நகல்கூட எடுக்கலையே!" என்று எழுந்திருப்பதற்குள் அவருடைய ரோஜா வானமும் போய்விட்டது. திரையில் என் வானமும் அந்தப் பச்சைச் சட்டைக்காரியும் மட்டும்தான். ஓகாவாவின் கண்ணுக்கு ஓட வேறு இடம் இல்லை. அங்கேயே நின்றது. "ஹாய்" என்றார், இந்த முறை நிதானமாக, ஒரே ஒரு தடவை.

தேவானை நாற்காலியை விட்டு எழுந்தாள். என் மேஜையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டு, "பில் போட்டுடவா மேடம்?" என்று கேட்டாள்.