ஏழாவது கேள்வி

முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, சிரித்த முகமாய் ஜாதி கேட்பதுதான் என் தொழில். தேர்தல் சர்வே என்று மரியாதையாகச் சொல்வார்கள். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையும் சக ஜீவன்களே, திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வார்டில் நீங்களும் செருப்பு தேய்த்திருப்பீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறும் வார்டு. ஜெயிப்பவர் மயிரிழையில் ஜெயிப்பார். அதனால்தான் இரண்டு பக்கத்துக் கட்சிகளும் காசு கொடுத்து எங்களை இங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

தண்ணீர் வித்தை

எங்கள் சர்வேயில் ஏழாவது கேள்வி ஜாதி. எடுத்த எடுப்பில் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். முதலில் குடிக்கத் தண்ணீர் கேள், தண்ணீர் கொடுத்தவர் பதிலும் கொடுப்பார் என்று சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்குத்தான் அந்த வித்தையில் நடுக்கம். பிச்சாட்டூர் பக்கம் எங்களுக்கு ஊர் வேறு, காலனி வேறு. நான் காலனி. நைனா கழனி வாங்கியதே சமீபத்தில்தான். இந்த வார்டில் நான் குடியிருக்கும் மாடி அறையை வாடகைக்குக் கேட்டபோது, வீட்டுக்கார அக்கா "ஊரா, காலனியா?" என்றார். "ஏரிக்கரைப் பக்கம்" என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வேறு யாரும் வீடு தரவில்லை. அந்த அறை போய் வேறு கிடைக்காவிட்டால் வேலையும் போகும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதல் நாளே ஒரு தெலுங்கு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா டம்ளரோடு வந்தார், நீட்டவில்லை. நீ என்ன ஆளு என்று என்னைக் கேட்டார். நாங்க தமிழ் என்றேன். அவருக்கும் நன்றாகத் தமிழ் வந்தது.

"தமிழு சரிம்மா. தமிழ்ல என்னா?"

இனிஷியல்காரர்கள்

தெலுங்குக்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர் உண்டு. அதைக் கேட்டதும் எங்கள் சூப்பர்வைசர் ஜாதியைச் சொல்லிவிடுவார், பாதி நேரம் சரியாகவும் இருக்கும். எல்லைப்புறத்திலிருந்து வந்த தமிழர்களுக்கு இருப்பது ஒற்றை இனிஷியல். அதில் என்ன தெரியும்? எங்களையெல்லாம் ‘இதரர்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். மற்ற எல்லாரும் இந்தக் கட்சி அந்தக் கட்சி என்று சரிபாதியாய்ப் பிரிந்து நிற்க, இழுபறியைத் தீர்ப்பது அந்த மூட்டைதான் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

டிபன் கடைக்காரர் ஒருவர் நகரிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கமெல்லாம் மெட்ராஸ் ராஜ்ஜியத்தில் இருந்தபோது அவர் தாத்தா பாஷைக்காக ஓட்டுப் போட்டாராம், அப்பா சினிமாக்காரருக்காகப் போட்டாராம். நீங்கள் எதற்காகப் போடுவீர்கள் என்று கேட்டேன். இட்லித் தட்டைத் திறந்துகொண்டே சொன்னார்:

"இங்க ஜெயிச்சவன் அஞ்சு வருசம் வரமாட்டான்மா. கொஞ்ச ஓட்டுல தோத்தவன்தான் மறுநாளே கால்வாய் அள்ள ஆள் அனுப்புவான். அதான் நான் எப்பவும் தோக்கறவனுக்கே போடறது."

ஊரில் இருக்கும் ஓட்டு

வார்டில் பாதி வாடகைக்காரர்கள். ஓட்டல் வேலை, ஆஸ்பத்திரி வேலை, மலைக்கு வண்டி ஓட்டும் வேலை. படுப்பது இங்கே, ஓட்டு ஊரில். வடமாலபேட்டையிலிருந்து வந்து வருடக்கணக்காய் இங்கே இருக்கும் ஒரு தம்பதியிடம், ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டால் தெருவுக்கு விளக்காவது வருமே என்று என் வேலை இல்லாத வேலையாகப் புத்தி சொன்னேன். நானே மாற்றிக்கொண்டவள் என்ற பெருமை வேறு. அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"ஓட்டு அங்க இருந்தாதான் எலக்ஷனுக்குக் கட்சிக்காரங்க கார் வச்சிக் கூட்டினு போறாங்க. மாத்திக்கினா, எங்கம்மாவ எப்ப பாக்கறது?"

ஆட்டோ ஸ்டாண்டில்

இதைச் சொல்லக் கூசுகிறது. ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரர், என் நைனா வயசிருக்கும், ஆறு கேள்விக்கும் கணீரென்று பதில் சொன்னார். ஏழாவதில் வாய் மூடிக்கொண்டது. சுற்றிலும் மற்ற டிரைவர்கள் நின்றிருந்தார்கள். பேச்சை வைத்தே எங்கள் ஊர்ப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஏன் மூடினார் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் அதை நிரப்பாமல் டேப் அடுத்த பக்கத்துக்குப் போகாது. சொல்லுங்கண்ணா, சொல்லுங்கண்ணா என்று நச்சரித்தேன். கடைசியில் சொன்னார், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. அதற்கு முன்னால் அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டது இது:

"கேட்டதுக்கெல்லாம் சொன்னேன்ல. ஒண்ணே ஒண்ணு வுட்டுடேன்மா."

மாடிக் குடித்தனம்

மறுநாள் எனக்கு ஒதுக்கிய தெரு என் தெருவே. சில வீடுகளை விட்டு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டு வந்ததில், எண்ணிக்கை என் வீட்டுக்கார அக்கா வாசலில் நின்றது. தாண்டிப் போனால் டேப்பில் இருக்கும் ஜிபிஎஸ் காட்டிக் கொடுத்துவிடும். புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், மரியாதையான மனுஷி. கேட்காமலே தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ஏழாவது கேள்விக்குச் சத்தமாகவே பதில் சொன்னார், வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் சேர்த்து. பிறகு, மாடிக் குடித்தனத்தையும் எங்களோடவே போட்டுக்கோ, நமக்கு ஒரு ஓட்டு கூடினால் கட்சிக்காரன் மதிப்பான் என்று சிரித்தார்.

டேப்பில் எனக்கும் அவர் ஜாதியையே தொட்டுவிட்டால் முடிந்தது. அறை நிலைக்கும். விரல் போகவில்லை. நேற்று ஒருவரை நடுத்தெருவில் சொல்ல வைத்தவள், இன்று நிழலில் உட்கார்ந்து ஒளிந்துகொள்வதா? "நாங்க காலனிக்கா" என்றேன். அக்கா முகத்தில் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். என்னைவிட அவர்தான் கூனிக்குறுகிப் போனார். டம்ளரை எடுப்பதா விடுவதா என்று கை தடுமாறியது. உள்ளே கணவர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"இத்த ஏம்மா என்கிட்ட சொன்ன? சொல்லாம இருந்திருந்தா நானும் தெரியாத மாதிரியே இருந்துக்கினு இருந்திருப்பேனே."

அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் சாமான்களோடு ஆட்டோவில் ஏறும்போது நான் தொழிலில் கண்ட ஒரே முன்னேற்றம், இனிப் போகிற வீட்டில் ஏழாவது கேள்விக்கு என் பதிலை முதலில் சொல்லிவிட்டு, கொடுத்தால் அதன்பிறகு தண்ணீர் குடிப்பது.