ஜெர்மன்காரன் வைக்காத கிரீஸ் நிப்பிள்

பழைய ஜெர்மன் காரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டி ஓட்டத் தெரிந்த ஆள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நான் ஒருவன்தான். மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பாகம் கிடைக்காவிட்டால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள். நான் லேத்துக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து கடைந்து வாங்கி வருவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கிளீனராக லாரியில் ஏறினேன், டிரைவராக இறங்கினேன், அப்புறம் சொந்த லாரி. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் என் டிப்பர்களில் போகாத நாள் இல்லை. இப்போது லாரிகளை மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையும் அதில் மூன்று கார்களும் இருக்கின்றன.

மூன்றில் மூத்தது வெள்ளை டீசல் கார். என் மகனைவிட வயது கூடியது. உடையார்பாளையம் பக்கம் ஒரு பெரிய வீட்டின் மாட்டுக்கொட்டகையில் நாலு சக்கரமும் மண்ணில் இறங்கிக் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது. எடைக்குப் போடலாம் என்றார்கள். நான் பானட்டைத் தூக்கி, ஸ்பேனரை மாட்டி இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு வருஷம் அதோடு கிடந்தேன். ஏசி வைத்தேன். நம் சாலைக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கை இரண்டு விரற்கடை உயர்த்தினேன். சுண்ணாம்புப் புழுதி இன்ஜினுக்குள் போகக் கூடாது என்று டிராக்டரின் ஏர் ஃபில்டரை இடம் பண்ணி நுழைத்தேன். முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கைகளின் மூட்டில் செருகும் ரப்பர் வளையங்கள், புஷ் என்பார்கள், எல்லாம் இற்றுப்போயிருந்தன. புதிது போட்டேன். போடும்போதுதான் கவனித்தேன், அங்கே கிரீஸ் ஏற்றுகிற சின்னக் குமிழ்வாய், அந்த நிப்பிளே இல்லை. லாரியில் அசைகிற மூட்டு எதுவானாலும் ஒரு நிப்பிள் இருக்கும். வாரம் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். இவ்வளவு பெரிய காரைச் செய்தவன் இதை மறந்துவிட்டானே என்று அவனுக்காக வருத்தப்பட்டு, நானே துளை போட்டு நாலு நிப்பிள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கிரீஸ் அடித்தேன். கார் பார்க்க வந்தவர்களைக் குனியச் சொல்லி அதைக் காட்டியும் இருக்கிறேன்.

மூன்று மாதத்தில் கார் ஆட ஆரம்பித்தது. அறுபதைத் தொட்டால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. பிரேக் பிடித்தால் அடியில் டொக்கு டொக்கு என்று சத்தம். நான் பெரம்பலூரில் வீல் பேலன்ஸ் பார்த்தேன், அலைன்மென்ட் பார்த்தேன், டயர் நாலும் மாற்றினேன். ஆட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டம்மாவுக்குத் திருச்சியில் முதுகில் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கார் பயணம் போகலாம், குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிறுவாச்சூர்க் காளிக்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்த மகனுடைய புதுக் காரில் போகிறேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம் காரில்தான் போகிறோம் என்றேன்.

"முதுகுல தையல் போட்டது எனக்குங்க, உங்க காருக்கு இல்ல" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன் இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தான். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அந்த வெள்ளைக் காரை விலைக்குக் கேட்டு இரண்டு தடவை போன் செய்திருந்தார். ஆடுகிற காரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம், கொடுத்துவிடலாம் என்றான். வீட்டம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் பாருங்க. அன்னிக்கு நான் இதுலதான் ஏறுவேன். வழியில ஆட்டுச்சுன்னா அவருக்குக் குடுத்துடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

சரி என்றேன். நான் பேச்சு மாறியவன் இல்லை. அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் கேட்டாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காரடியிலேயே போயின. புதன்கிழமை அந்த இரும்புக் கைகளைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் ஊறிப்போன அப்பளம் மாதிரி கொழகொழவென்று வந்தது. புதுசாகப் போட்டது, ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே அதைக் கழுவ அடுப்படிப் பின்வாசல் குழாயடிக்குப் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இதுல எண்ணெ பட்டுச்சா?"

"எண்ணெ இல்ல, கிரீஸு. வாராவாரம் நான்தான் அடிக்கிறேன்."

"குக்கர் கேஸ்கட்டுல எண்ணெ பட்டாலே ஊதிப்போயி மூடியில உக்கார மாட்டேங்குது. வருஷத்துக்கு ரெண்டு வாங்குறேன். நீங்க வாராவாரம் ஊட்டி வுட்டா அது என்னங்க பண்ணும்?"

நாற்பது வருஷம் லாரிக்குக் கிரீஸ் அடித்த கை இது. அங்கே இரும்போடு இரும்பு உரசும். கிரீஸ் இல்லாவிட்டால் தேய்ந்துவிடும். இங்கே ரப்பர் உரசுவதே இல்லை, முறுகிக்கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பி வருகிறது. ஜெர்மன்காரன் மறக்கவில்லை. வேண்டாமென்றுதான் வைக்கவில்லை. கடைக்காரனுக்குப் போன் போட இருந்தேன், போடவில்லை.

ஆனால் தப்பு தெரிந்த பிறகு என்னைப்போல் வேலை செய்ய ஆள் கிடையாது. அன்றைக்கே திருச்சியிலிருந்து புது புஷ் பஸ்ஸில் வரவழைத்தேன். நான் போட்ட துளைகளை வெல்டிங் வைத்து அடைத்தேன். கிரீஸைத் துளி இல்லாமல் துடைத்து, சோப்புத் தண்ணீர் மட்டும் தொட்டு ரப்பரை உள்ளே ஏற்றினேன். சக்கரம் தரையில் நின்று கார் தன் எடையில் உட்கார்ந்த பிறகே போல்ட்டை முறுக்கினேன். வியாழன் பொழுது சாய்வதற்குள் முடிந்தது. ஓட்டிப் பார்க்கச் சொன்னான் மகன். தேவையில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் முன்சீட்டில் ஏறினாள். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டாள். ஊர் தாண்டியதும் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, புழுதி. நான் ஐம்பதிலேயே பின்னால் போனேன். அறுபதைத் தொட எனக்கே கால் கூசியது, ஒளிப்பானேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதுக்கு இந்தப் புழுதியத் தின்னுக்கிட்டே போறீங்க? தாண்டுங்க."

தாண்டினேன். அறுபது, எழுபது, எண்பது. ஸ்டீயரிங் இரண்டு விரலில் நின்றது. பெரம்பலூர் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

சிறுவாச்சூரில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். வேண்டுதலை முடித்துவிட்டு வெளியே வந்ததும் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலிக்குது. வரிசையில நின்ன வலி. கார்ல வந்ததுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அங்கேயே மகனுக்குப் போன் போட்டு, கார் கொடுப்பதாக இல்லை என்று அவளே சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர், பார்த்துவிட்டாவது போகிறேன் என்று வந்து நின்றார். பார்க்கட்டும் என்று கொட்டகையைத் திறந்துவிட்டேன். சுற்றிச் சுற்றி வந்து, கொடுக்கிற விலையைக் கூட்டிக்கொண்டே போனார். வீட்டம்மாவைக் கேளுங்கள் என்றேன். அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.