மோட்டார்க்காரரின் நாக்கு

எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் மோட்டார் இறக்கவும் ஏற்றவும் இருப்பவர் ஒரே ஆள். மோட்டார்க்காரர் என்றால் போதும். முப்பது வருஷமாக இரும்பு முக்காலியும் சங்கிலியும்தான் அவர் வாழ்க்கை. இருபதடிக் குழாய்களை ஒன்றோடொன்று முடுக்கி இறக்குவார். முதல் தண்ணீர் வந்ததும் உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவார். "நல்லா இருக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் பயிருக்குப் பாய்ச்சுவோம்.

முன்பெல்லாம் ஆறு குழாய் தாராளம். இப்போது மூன்று மாதத்து மழை மூன்றே நாளில் கொட்டிவிட்டுக் கடலுக்கு ஓடிவிடுகிறது. நாங்களும் வருஷத்துக்கு ஒரு குழாய் சேர்த்துக்கொண்டே போனோம். மனுஷன் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார்.

"மேல இருக்கிறதுதான் நல்ல தண்ணி. அதுக்குக் கீழ உப்பு. ஆளுக்கொரு குட்டை வெட்டுங்க, மழை உள்ள எறங்கட்டும்."

"எறக்குறதும் நீங்க, வேணாங்கறதும் நீங்களா?" என்று கிண்டலடித்தேன். குட்டைக்குக் கால் ஏக்கர் விட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

என் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்காவின் எலுமிச்சைத் தோட்டம். இருநூறு கன்று, நாலு வருஷம் குடம் குடமாக ஊற்றி வளர்த்தவை. போன கோடையில்தான் முதல் பூ. அதே நேரம் என் வெள்ளரிக்குத் தண்ணீர் பற்றவில்லை. ஒற்றைக்காலில் நின்று மோட்டார்க்காரரைக் கூப்பிட்டு இரண்டு குழாய் இறக்கவைத்தேன். பத்தாம் நாள் அக்காவின் மோட்டார் காற்றைக் கக்கியது.

"அவனுக்கு ரெண்டு எறக்கினியே, எனக்கு மூணு எறக்கு" என்றார் அக்கா.

"வேணாம்க்கா. உப்புல போய் நிக்கும்."

"ஊருக்கெல்லாம் எறக்குவ, கூடப் பிறந்தவளுக்கு மட்டும் நியாயம் பேசுவியா?"

இறக்கினார். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். தண்ணீர் பொங்கி வந்தது. வாயில் வைத்தார். எப்போதும் துப்புகிறவர், அன்று விழுங்கிவிட்டார். பூத்து நின்ற மரங்களை ஒருமுறை பார்த்தார்.

"நல்லா இருக்குக்கா."

தம்பி சொன்ன பிறகு அக்கா எதற்கு வாயில் வைத்துப் பார்க்கப்போகிறார்? தம்பி விழுங்கியதைப் பார்த்தவன் நான். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் இரண்டு குழாயைப் பற்றித்தான் முதலில் பேச்சு வந்திருக்கும்.

பூ உதிர்ந்தது. இலை நுனி கருகியது. ஏதோ நோய் என்று அக்கா மருந்து தெளித்தார், இன்னும் அதிகமாகத் தண்ணீர் விட்டார். மரத்தடியில் மண் வெள்ளையாகப் பூத்தது. இரண்டே மாதத்தில் தோட்டம் விறகாக நின்றது.

அதன் பிறகு ஒரு காலையில் மோட்டார்க்காரர் கூப்பிடாமலே முக்காலியோடு வந்தார். மோட்டாரைக் கழற்றுமுன் அக்கா ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். அவர் முழுவதும் குடித்தார்.

"எப்படிடா இருக்கு?"

"உப்புக்கா."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான். பத்து நாள்ல மழை வந்து கழுவிடும்னு நெனச்சேன்."

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த டம்ளரை அவர் விட்டெறிந்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

சங்கிலியைப் பிடித்தபடி மோட்டார்க்காரர் வேலியோரம் நின்ற என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன்னோடதுல அந்த ரெண்டு குழாயையும் எடுத்துடலாமா? இன்னும் அங்க உப்பு வரல."

மறுபடி போட்ட வெள்ளரி அப்போதுதான் பிஞ்சு பிடித்திருந்தது. "நாளைக்குப் பார்க்கலாம்ணே" என்றேன்.

அவர் இப்போது யார் கூப்பிட்டாலும் தண்ணீரை வாயில் வைப்பதில்லை. என் மோட்டார் அந்த இரண்டு குழாயோடு இன்றும் ஓடுகிறது. காலையும் மாலையும் நானே ஒரு கை பிடித்து வாயில் வைத்துப் பார்க்கிறேன். உப்பா இல்லையா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.