அக்காவின் முழங்காலும் அம்மா கேட்ட சொல்லும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அக்காவிடம் படித்தவர்கள் அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் என் வணக்கம். நான் அவருக்கு இரண்டு வயது இளையவன். நாள்தோறும் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவன் என்பதால் இந்தக் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தார்கள். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன். அக்காவைப் பற்றிய ஒரு விஷயம் அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அதை முழுதாக விசாரித்து அறியச் சில மாதங்கள் ஆயின.

அக்கா பிறந்தது, கோபாலபுரம் சோதனைச் சாவடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்பு வீட்டில். நாங்கள் கேரளத்துக்காரர்கள். பேசுவது கோவைப் பக்கத்துத் தமிழ். சந்தை, துணிக்கடை, மருந்து எல்லாம் பொள்ளாச்சி. அம்மா உடுமலைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். அவருடைய மலையாளம் இன்றுவரை ரேஷன் கடையைத் தாண்டியதில்லை. எங்கள் பக்கம் அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் வருவதில்லை.

அக்கா ஹாக்கிக்கு வந்தது எதிர்பாராமல்தான். பள்ளியில் ஓர் ஆள் குறைகிறது என்று ஒரு நாள் மட்டையைக் கையில் கொடுத்து நிற்க வைத்தார்கள். எதிரணிப் பெண்ணின் மட்டையிலிருந்து பந்து எப்போது அரை அடி விலகும் என்று பார்த்துக்கொண்டே இருந்து, விலகியதும் எடுத்துவிடுவார். இது யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. பிறகு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. அங்கே பயிற்சியாளராக இருந்தவரை அக்கா 'சார்' என்றே சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன். சார் கேரளக் கடலோரத்துக்காரர், தமிழ் தெரியாதவர். இரண்டாம் ஆண்டிலேயே அக்காவை மாநில அணிக்குத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த ஆண்டு ஒரு போட்டியில் அக்கா பந்தோடு வேகமாகத் திரும்பினார். வலது கால் தரையிலேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் மோதவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம் தன் காதுக்கே கேட்டதாக அக்கா சொன்னார். முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு அறுந்துவிட்டது.

கோவையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே காலின் பின்தொடையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்காலுக்குள் புது ஜவ்வாக வைத்துத் தைத்தார்கள். ஓரிடத்தில் வேறு வேலை செய்துகொண்டிருந்த தசைநாருக்கு, இனி நீ இங்கே இந்த வேலை செய் என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். "பழகும். நேரம் எடுக்கும்" என்றார். நடப்பதற்கும் மாடி ஏறுவதற்கும் பயமில்லை, விளையாட்டைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். அக்கா கேட்க நினைத்தது அது ஒன்றைத்தான். மறுபடி ஆட முடியாவிட்டால் வேறு என்னவாக இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இதை அவர் அழாமல், ஏதோ கணக்கில் விடை வராதது போல என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் சாரிடமிருந்து தொலைபேசி வந்தது. அக்கா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எடுத்தவர் அம்மா. பேசி முடித்து முகமெல்லாம் மலர்ச்சியாகப் போய் அக்காவை எழுப்பினார்.

"அம்முணி, உங்க சாரு பேசுனாரு. அவசரமே இல்லையாம். சாவகாசமா வந்தாப் போதுமாம். தங்கமான மனுசன்!"

அக்கா தலையை ஆட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் அது ஒரு சட்டம் போல ஆனது. பொள்ளாச்சியில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் பெண், முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தும்போது வலியில் அக்காவுக்கு உதடு வெளுத்துவிடும். "சாரே அவசரமில்லைன்னுட்டாரு, நீ ஏஞ்சாமி கெடந்து அவதிப்படறே?" என்பார் அம்மா. கொஞ்சம் நடந்து, கொஞ்சம் சைக்கிள் மிதித்து, பிறகு எங்கள் கொப்பரைக் களத்தில் மட்டையைப் பிடித்தார். சிமெண்டுக் களத்தில் பந்து சீராக ஓடும். காயப்போட்ட கொப்பரைக்கு நடுவே சந்து விட்டு, அந்தச் சந்துக்குள் பந்தை ஓட்டுவார். அப்பா களத்தோரம் நின்று பார்த்தார்.

"ஏம்புள்ள, தேங்கா ஒடைக்கறதுக்கு நான் தனியா ஆளு வெக்கோணுமா? உன்ற பந்துலயே ஒடச்சுப்போடலாமாட்ட இருக்குதே."

"கூலி குடுப்பீங்களாப்பா?"

"மொதல்ல ஓடு. ஓடுனா கூலி."

வலி நின்றது. ஓடவும் ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் மறு ஆண்டுக்கான அணித் தேர்வு வந்தது. கால் சரியாகிவிட்டதே, போய்ப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா போகவில்லை. வலி நிற்பது வேறு, புது ஜவ்வு உறுதிப்படுவது வேறு என்று பொள்ளாச்சிப் பெண் சொன்னதை எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புவதற்கு மட்டும் அவர் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். முதலில் நின்ற இடத்தில், பிறகு நடையில், பிறகு ஓட்டத்தில்.

அதற்கு அடுத்த தேர்வுக்குப் போனார். நானும் அம்மாவும் கூடப் போனோம். ஆட்டத்தின் நடுவே அக்கா பந்தை எடுத்துக்கொண்டு, விழுந்த அன்று திரும்பினாரே, அதே மாதிரி வலப்பக்கம் திரும்பப் போனார். அம்மாவால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று மைதானம் அதிரக் கத்தினார்.

"அம்முணீ! அவசரம் வேண்டாம்! அவசரம் வேண்டாம்!"

எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா திரும்பினார். கால் தாங்கியது. பந்து போக வேண்டிய பெண்ணிடம் போனது.

மறுபடி மாநில அணியில் இடம் கிடைத்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஆடினார். ஆடுவதை நிறுத்தியபின் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தார். அவரிடம் படித்தவர்கள் இந்த மலரில் தனியாக எழுதியிருப்பதால் அதை நான் விரிக்கவில்லை. நான் மாமா என்று அழைப்பவரைத் திருமணம் செய்துகொண்டு பாலக்காட்டுச் சித்தூரில் குடியிருந்தார். கடைசி நோய் கணையத்தில் வந்தது. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. படுத்திருந்த நாட்களிலும், மருந்து ஏற்றும்போது எந்தக் குழாயில் என்ன போகிறது என்று செவிலியரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். வலியைப் பற்றிப் பேசினால் அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று சொல்வாரே தவிர, முறையிட்டதில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சாரும் ஒருவர். வயதாகிவிட்டது. தடி ஊன்றி வந்தார். அம்மா உள்ளே படுத்திருந்தார். சார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, மலையாளத்தில் மெல்ல ஒன்று கேட்டார். நீண்ட நாளாக மனத்தில் இருக்கிறதாம்.

"அன்னு செலக்‌ஷனு வந்நப்போள், அம்ம எந்தினா 'அவசரம் வேண்டா'ன்னு விளிச்சு பறஞ்ஞது?"

அன்று தேர்வின்போது அம்மா ஏன் அப்படிக் கத்தினார் என்று கேட்கிறார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. பதறாமல் ஆடு என்றுதான் சொன்னார், நீங்களே முன்பு தொலைபேசியில் அவசரம் இல்லை என்றுதானே சொன்னீர்கள் என்றேன். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான். அம்மா வாயால் தமிழாகக் கேட்டதால் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

சார் அன்று தொலைபேசியில் சொன்னதைத் திரும்பச் சொன்னார், "இக்கொல்லம் அவசரம் இல்லா. சாவகாசம் பறஞ்ஞா மதி." இந்த ஆண்டு அணியில் இடமில்லை, மகளிடம் பக்குவமாகச் சொன்னால் போதும் என்று அதற்குப் பொருள். அக்காவை அணியிலிருந்து எடுத்துவிட்ட செய்தி அது. அம்மா அதை நல்ல சேதியாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

பிறகு தேர்வு மைதானத்தில் ஒரு தாய் எழுந்து நின்று 'என் மகளுக்கு வாய்ப்பு வேண்டாம்' என்று இரண்டு முறை கத்தினால் சார் என்ன நினைப்பார்? ஆட்டம் முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, "நினக்கு வேணோ, வேண்டே?" என்று கேட்டாராம். அக்கா, "வேணம் சாரே" என்றாராம். சார் சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். பொதுவாகப் பிள்ளைகள் தங்கள் இடம் போய்விடுமே என்ற பயத்தில் சீக்கிரம் வந்து ஜவ்வை மறுபடி கிழித்துக்கொள்வார்கள், இழக்க இவளுக்கு இடமே மிச்சமில்லாததால்தான் கால் தப்பியது என்றார்.

எனக்கு இதன்பிறகு ஒரு கேள்வி ஓயவில்லை. அக்காவுக்குத் தெரியுமா? விடுதியில் அவருடன் இருந்த கோல்கீப்பர் நஸீமா அக்காவைத் தேடிப் போனேன். பாலக்காட்டில் அவர்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சிரித்துவிட்டார்.

"தெரியாம இருக்குமா தம்பி? தொலைபேசி வந்த வாரமே நான் பாக்க வந்தேன். டீம்ல பேரு இல்லைன்னு நான்தான் சொன்னேன். உங்க அக்கா, 'அப்ப சார் சொன்னது அதுவா'ன்னு கேட்டா. பெறகு என் கையப் புடிச்சுகிட்டா."

அக்கா சொன்னதாக நஸீமா அக்கா சொன்னதை, அவரையே இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுகிறேன்.

"எங்கம்மாகிட்டச் சொல்லீராதடி. சாரு இடமில்லைங்கறாரு. எங்கம்மா அவசரமில்லைங்கறாங்க. ரெண்டுல எனக்கு இப்ப எங்கம்மா சொல்றதுதான் ஒதவும்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. யாரும் காத்திராத ஓரிடத்துக்கு அவர் அத்தனை மாதம் களத்தில் தயாராகிக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்காக எல்லோரும் காத்திருப்பதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை எந்த மனநிலையில் செய்தார் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் உடனிருந்த மாமாவுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த தோட்டத்து அயலாருக்கும், மட்டைகளோடு வந்து வரிசையாக நின்ற பழைய அணித் தோழியருக்கும், மாணவியருக்கும், தள்ளாத வயதில் நெடுந்தொலைவு வந்த சாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதா என்று தயங்கினேன். அக்கா மறைத்ததைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? மாமாதான், "ஊரு படிச்சுட்டு வந்து சொல்றதுக்கு முந்தி நீயே சொல்லிரு" என்றார். அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்.

"அப்ப நம்ம அவசரத்துக்கு அவிய என்னன்னு சொல்லுவாங்க?"

"திறுதிம்பாங்கம்மா."

"திறுதி." ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அப்ப நானு அத்தன சனத்துக்கு முன்னால நின்னு, என்ற புள்ளைக்கு எடம் வேண்டாம்னா கத்துனேன்?"

சிரிக்க ஆரம்பித்தார். அக்கா போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடம்பு குலுங்க, தண்ணீர் கொடுக்கும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"கழுதை. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ. ரெண்டு பேரும் உக்காந்து சிரிச்சிருப்பம்."