நான் எடுத்துக் கொடுத்த ஊக்கு

சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு என் மனைவியின் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். தினமும் மூன்று முறை அதன் வழியே மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட வேண்டும். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டிலேயே செய்துகொண்டோம். அந்தக் குழாய் கெட்டால் வாரம் மூன்று நாள் மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்துக்கிடக்க வேண்டும். அதற்குத்தான் அவள் பயந்தாள்.

குழாயின் மேல் பாவாடை நாடா இறுகக் கூடாது, கத்தரிக்கோல், ஊக்கு எதுவும் கிட்டே போகக் கூடாது என்று பயிற்சி கொடுத்த நர்ஸ் சொல்லியிருந்தார். முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அருப்புக்கோட்டையில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். என் மனைவி நைட்டியோடு புறப்பட்டு நின்றாள்.

"இதோடயா மண்டபத்துக்கு வார? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

"நெனக்கிறவுக வயித்துல குழாய் இல்லைல."

"ஒரு மணி நேரந்தான். பட்டுச்சேலையக் கட்டு."

நாடாவைத் தளர்த்திக் கட்டியதால் கொசுவம் நிற்காமல் சரிந்தது. வாசலில் கார் காத்திருந்தது. ஊக்கை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குத்திக்கொண்டாள்.

பந்தியில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தாள். "சேல நனையுதுங்க."

காரில் ஏறியதும் ஊக்கைக் கழற்றினேன். குழாயில் பொட்டளவு ஓட்டை. அதற்கு மேலே, வயிற்றை ஒட்டிக் குழாயை மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மதுரை வரை கையை எடுக்கவில்லை. விரல்கள் மரத்துப் போயின.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழாயைப் பார்த்த உடனே, "ஊக்கு யாரு குத்துனது?" என்று கேட்டார்.

"சொன்னா கேக்கலம்மா. அவளாத்தான் குத்திக்கிட்டா" என்றேன்.

கட்டிலில் கிடந்தவள் கூரையைப் பார்த்தபடி, "ஆமா தாயி, புத்தியில்லாம குத்திக்கிட்டேன்" என்றாள்.

ஓட்டை வழியே கிருமி போய் வயிற்றுக்குள் சீழ் பிடித்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது வாரம் மூன்று நாள் போய் வருகிறோம். புதிதாகக் குழாய் வைத்துக்கொண்டவர்களிடம் அந்த நர்ஸ் அவளைக் காட்டி, "இந்தம்மா மாதிரி ஊக்கு குத்திறாதீங்க" என்கிறார். அவள் சிரித்துக்கொள்கிறாள். பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். இன்றுவரை வாய் திறக்கவில்லை.